ஆலயம்போல் தெரியக்கூடாது என்றது சட்டம்

போன மாதம் எங்கள் சபையில் ஒரு கூட்டம். ஐரோப்பாவில் சில காலம் இருந்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் பேசினார். பேச்சுவாக்கில் போர்ச்சுகல் வந்தது. "நூற்றைம்பது வருஷமாக அங்கே மெதடிஸ்ட் சபை இருக்கிறது. இன்னும் கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான் ஆலயங்கள். அதைத் தோற்றுப்போன ஊழியம் என்றுதான் சொல்ல வேண்டும்" என்றார். பலர் தலையாட்டினார்கள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சபையின் கதையைச் சில வருடங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதனால் 'தோற்றுப்போன' என்ற சொல் வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை எந்த மிஷனெரியிடமும் தொடங்கவில்லை. 1854ல் அவைரோ பகுதியில் இருந்த பல்ஹால் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த தாமஸ் செக்வின் என்பவரிடம் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கார்ன்வால்காரர். கார்ன்வாலில் சுரங்கமும் மெதடிஸ்ட் சபையும் பிரிக்க முடியாதவை. வெள்ளீயமும் செம்பும் தோண்டிய ஊர்களில் எல்லாம் ஒரு சின்ன ஜெபவீடு இருக்கும். அங்கிருந்து உலகம் முழுக்கச் சுரங்க வேலைக்குப் போனவர்கள் தங்கள் பாட்டையும் ஜெபத்தையும் கூடவே எடுத்துப் போனார்கள். செக்வினும் அப்படித்தான். போதகர் கிடையாது, ஆலயம் கிடையாது. சிலரைக் கூட்டி ஒரு கிளாஸ் மீட்டிங் தொடங்கினார்.

இந்தக் கிளாஸ் மீட்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1742ல் பிரிஸ்டல் நகர ஆலயத்தின் கடனை அடைக்க மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் ஒரு வழி கண்டார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வாரா வாரம் ஒவ்வொரு வீடாகப் போய் ஒரு பென்னி வாங்கிவர வேண்டும். போனபோதுதான் தெரிந்தது, ஒரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் குடி, வேறொரு வீட்டில் கவனிக்க ஆளில்லாத நோயாளி. காசு வாங்கப் போனவர்கள் ஆளைப் பார்க்கத் தொடங்கினார்கள். 'உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் வாரக் கூட்டமாக அது மாறியது. நடத்துவதற்குக் குருப்பட்டம் தேவையில்லை. தையல்காரர் நடத்தலாம், சுரங்கக்காரர் நடத்தலாம், பெண்கள் நடத்தலாம். மெதடிஸ்ட் சபையின் உயிர் இதில்தான் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, போர்ச்சுகலுக்கு வருவோம். போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில், டூரோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், காயா என்ற ஊர். போர்ட் ஒயின் கிடங்குகள் வரிசையாக நிற்கும் இடம். 1860களில் அங்கே ஜேம்ஸ் காசெல்ஸ் என்ற ஆங்கிலேயக் குடும்பத்துக்காரர் இதேபோல ஒரு கூட்டம் நடத்தினார். போர்ட்டோவிலேயே பிறந்து வளர்ந்தவர். போர்ச்சுக்கீசியத்தில் அவர் பெயர் டியோகோ காசெல்ஸ். 1868ல் காயாவின் டோர்ன் என்ற இடத்தில் டியோகோ ஒரு சிற்றாலயமும் பள்ளிக்கூடமும் கட்டினார். லண்டனிலிருந்து வெஸ்லியன் மிஷனின் போதகராக ராபர்ட் ஹாக்கி மோர்ட்டன் வந்து சேர்ந்தது 1871ல்தான். நம் பக்கம் மன்னார்குடியிலும் நாகப்பட்டினத்திலும் பள்ளிகள் நடத்திய அதே வெஸ்லியன் மிஷன் சங்கம் அவரை அனுப்பியது. செக்வின் தொடங்கி மோர்ட்டன் வரும்வரை 17 வருடம். குருப்பட்டம் பெற்ற ஒருவர்கூட இல்லாமல், வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள் கையில்தான் சபை வளர்ந்தது.

எந்த நிலைமையில் வளர்ந்தது என்பதை அந்தப் பெரியவர் சொல்லவில்லை. போர்ச்சுகலின் 1826ன் அரசியல் சாசனம், ஆறாவது பிரிவு: கத்தோலிக்க மதமே அரசின் மதம். மற்ற மதங்கள் அயல்நாட்டாருக்கு மட்டும் அனுமதி. அதுவும் வீட்டுக்குள், ஆலயத்தின் வெளித்தோற்றம் எதுவும் இல்லாத கட்டடத்துக்குள். அதற்கும் முன்னால், 1810ல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தில், ஆங்கிலேயர் ஆலயங்கள் வீடுபோல இருக்க வேண்டும், மணி அடிக்கக் கூடாது என்றே எழுதியிருந்தார்கள். போர்ட்டோவில் ஒயின் வியாபாரிகள் கட்டிய ஆங்கிலிக்கன் ஆலயம் 1818ல் முடிந்தபோது, வெளியிலிருந்து பார்த்தால் ஆலயம் என்று தெரியாதபடிதான் நின்றது.

அயல்நாட்டுக்காரருக்காவது இந்த இடுக்கு இருந்தது. போர்ச்சுகல் குடிமகனுக்கு அதுவும் இல்லை. 1852ன் தண்டனைச் சட்டப்படி, கத்தோலிக்க மதத்தை விட்டு விலகும் போர்ச்சுக்கீசியர் தன் அரசியல் உரிமைகளை இழக்க வேண்டும். நம் ஊரில் ஒருவர் ஆலயம் மாறினால் சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் பேசமாட்டார்கள். அங்கே வோட்டு போய்விடும்.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவில் நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ராபர்ட் கேலி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1838ல் அங்கே வந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார், பள்ளிகள் நடத்தினார், வேதாகமம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் மெதடிஸ்ட் இல்லை, பிரெஸ்பிடேரியன். 1844ல் மரியா ஜோக்கினா ஆல்வெஸ் என்ற பெண்ணுக்கு மத நிந்தனைக்காக மரண தண்டனை விதித்தார்கள். தண்டனை நிறைவேறவில்லை, ஆனால் அவர் நெடுங்காலம் சிறையில் கிடந்தார். 1846ல் கூட்டம் கேலியின் வீட்டைச் சூறையாடியது. அவரோடு சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி டிரினிடாட் போனார்கள். பல்ஹாலில் செக்வின் கூட்டம் தொடங்கியது இதற்கு எட்டே வருடம் கழித்து.

டோர்ன் பள்ளியைக் கட்டிய டியோகோவையும் விடவில்லை. கட்டிய அதே 1868ல் வழக்கு. கீழ் நீதிமன்றம் ஆறு வருடம் நாட்டை விட்டு வெளியேற்றும்படி தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் விடுதலையானார். போர்ட்டோவில் பிறந்து, போர்ச்சுக்கீசியத்தில் பேசி, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு அந்தத் தண்டனை. அவர் பிறகு மெதடிஸ்ட் சபையை விட்டு 1880ல் லூசிட்டானிய சபை என்ற ஆங்கிலிக்கன் மரபுச் சபையில் சேர்ந்தார். மெதடிஸ்டுகளுக்கு அது பெரிய அடி. ஆனால் பள்ளியை அவர் விடவில்லை. நாட்டில் நூறு பேருக்கு எழுபது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத காலம் அது. எந்தச் சபையின் கணக்கில் அந்தப் பள்ளியைச் சேர்ப்பது என்ற கேள்வியே எனக்குச் சின்னத்தனமாகப் படுகிறது.

1877ல் போர்ட்டோவில் மிராண்டே ஆலயம் திறந்தது. இன்றும் இருக்கிறது. மோர்ட்டன் நாற்பது வருடத்துக்கும் மேல் அந்த ஊரிலேயே உழைத்தார்.

இந்தச் சபையார் கையில் இருந்த வேதாகமத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போர்ச்சுக்கீசியப் புராட்டஸ்டண்டினர் தலைமுறை தலைமுறையாக வாசித்து வந்தது ஜோவாவ் ஃபெரெய்ரா டி அல்மேய்டாவின் மொழிபெயர்ப்பு. அவர் போர்ச்சுகலில் பிறந்தாலும் மொழிபெயர்த்தது ஆசியாவில். டச்சுச் சபைப் போதகராக இலங்கையில் இருந்தார், தூத்துக்குடியில் ஏறத்தாழ ஒரு வருடம் இருந்தார். அங்கே பரதவர் அவர் கையால் ஞானஸ்நானமோ திருமணமோ பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்கள். 1661ல் கோவாவில் கத்தோலிக்க மத விசாரணை மன்றம் அவருடைய உருவபொம்மையை எரித்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1681ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. பழைய ஏற்பாட்டின் பகுதிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் எங்கே அச்சேறின தெரியுமா? நம் தரங்கம்பாடியில். சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அதே மிஷன் அச்சகத்தில். போர்ச்சுகலில் அச்சிட வழியில்லாத புத்தகம் சோழமண்டலக் கரையில் அச்சானது.

என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பரதவர் அல்மேய்டாவை மறுத்த கதையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாவம், பயந்திருப்பாங்க" என்றார். உண்மைதான். அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு அந்தப் பாதிரி சபை விலக்கிய ஆள். பயந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். போர்ச்சுகல் கத்தோலிக்க மக்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். சட்டத்தை எழுதியவர்கள் வேறு, ஞாயிறு பூசைக்குப் போன ஏழைப் பெண் வேறு.

இன்னொரு பக்கமும் உண்டு. 1910ல் முடியாட்சி கவிழ்ந்து குடியரசு வந்தது. 1911ன் பிரிவினைச் சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்தது. மெதடிஸ்டுகள் மூச்சுவிட்டார்கள். ஆனால் அதே குடியரசு இயேசு சபையாரை நாட்டை விட்டுத் துரத்தியது, கத்தோலிக்க ஆலயச் சொத்துகளை எடுத்துக்கொண்டது. தனக்கு விடிந்தபோது அடுத்தவன் வீட்டில் விளக்கை அணைத்தது நியாயம் ஆகாது. அதையும் சொல்லியே ஆக வேண்டும்.

எனக்கு இந்தச் சபையில் மிகவும் பிடித்த மனிதர் அல்ஃப்ரெடோ என்ரிக்கே ட சில்வா. மோர்ட்டனுக்குப் பிறகு சபைக்குத் தலைமை ஏற்ற போர்ச்சுக்கீசியர். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்ச்சுகல் ஆண்ட சாவ் டோமே தீவின் கோகோ தோட்டங்களுக்கு அங்கோலாவிலிருந்து ஆட்களை 'ஒப்பந்தக் கூலிகள்' என்று கொண்டுபோனார்கள். போனவர்கள் திரும்புவதே அபூர்வம். பெயர்தான் ஒப்பந்தம், நடந்தது அடிமை வியாபாரம். 1909ல் இங்கிலாந்தின் கேட்பரி உள்ளிட்ட சாக்லேட் நிறுவனங்கள் அந்தக் கோகோவை வாங்குவதை நிறுத்தின. போர்ச்சுகலில் இதைப் பேசினால் நாட்டுத் துரோகி என்ற பட்டம் கிடைக்கும். ட சில்வா பேசினார். கடும் எதிர்ப்பு கிளம்பியது. தன் தரப்பை விளக்கி 1913ல் ஒரு நூலே வெளியிட வேண்டியிருந்தது. ஏற்கெனவே அந்நிய மதக்காரன் என்று பார்க்கப்பட்ட சின்னச் சபையின் தலைவர் அவர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சபைக்கு நல்லது என்று யாராவது அவருக்கு அறிவுரை சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். எண்ணிக்கை முக்கியம் என்றால் அவர் அமைதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில் 1940ல் வத்திக்கானோடு உடன்படிக்கை, மறுபடியும் கத்தோலிக்கச் சபைக்குத் தனி இடம். சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. 1996ல் போர்ச்சுகல் மெதடிஸ்ட் சபை பிரிட்டிஷ் சபையிடமிருந்து தன்னாட்சி பெற்றது. 2001ல் மதச் சுதந்திரச் சட்டம் வந்தது.

அப்புறம் 2014 ஜனவரி 25. லிஸ்பனில் கத்தோலிக்கச் சபை, லூசிட்டானிய சபை, பிரெஸ்பிடேரியன் சபை, மெதடிஸ்ட் சபை, ஆர்த்தடாக்ஸ் சபை சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. ஒருவர் கொடுத்த ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்கிறோம் என்பதே அதன் சாரம். அந்தப் பெயர்களை வரிசையாக வாசிக்கும்போது எனக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். கேலி, டியோகோ, மோர்ட்டன், தூத்துக்குடியில் யாரும் ஞானஸ்நானம் வாங்காத அல்மேய்டா.

ஐயா இந்தப் பதிவைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை, மரியாதை உண்டு. அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் தாருங்கள் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பல்ஹால் சுரங்கத்திலிருந்து தொடங்குவேன்.