கல்வெட்டில் திருநீறு துடைக்காதீர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்களில் பலர், கையில் மிஞ்சிய திருநீற்றையும் குங்குமத்தையும் பக்கத்துக் கல்லில் துடைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கல் பெரும்பாலும் கல்வெட்டு! "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் வெட்டச் சொன்ன வரிகள் அங்கேதான் இருக்கின்றன. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கு, எல்லாமே அந்தக் கோயில் கற்களில்தான்.

எழுத்தின் பள்ளம் ஆழமில்லை. பொடி அதில் தங்கும். விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் இறுகிப்போகும். அப்புறம் யாராவது கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். அழுக்கோடு எழுத்தின் ஓரமும் தேயும். மணல் பீய்ச்சினால் இன்னும் மோசம். மைப்படி (எழுத்தை மையால் தாளில் எடுக்கும் நகல்) எடுக்கவும் வழியில்லை: ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும், எண்ணெய்க் கல்லில் தாள் பிடிக்காது.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு தடவுவதும் இதே கேடுதான், வாசிக்கிற ஆர்வத்தில் செய்தாலும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். இல்லையென்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

திருநீற்றை மடிக்க ஒரு துண்டுக் காகிதம் போதுமே!