செப்டம்பர் 1-க்கும் ஒரு பேனர் வைப்போம்

ஜூன் 22 வந்தால் எங்கள் ஏரியா பசங்க ஸ்டேட்டஸ் எல்லாம் மரடோனாதான். 1986 உலகக் கோப்பை, மெக்சிகோ, அஸ்டெகா மைதானம், இங்கிலாந்தோடு அர்ஜென்டினாவின் காலிறுதி. கையால் தட்டிவிட்ட ஒரு கோல், அடுத்த நாலு நிமிடத்தில் சொந்தப் பாதியிலிருந்து ஓடிப்போய் அடித்த இன்னொரு கோல். அப்போது பிறந்தே இருக்காத பையன்கூட, எந்த இடத்தில் யாரை ஏமாற்றிவிட்டுப் போனார் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டுவான். டிசம்பர் 18 மெஸ்ஸிக்கு. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கத்தாரில் அர்ஜென்டினா பிரான்சை பெனால்டியில் ஜெயித்த அந்த இரவை வியாசர்பாடியில் யாரும் மறக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்கும் பிடிக்கும். 2020 நவம்பரில் மரடோனா இறந்த செய்தி வந்தபோது அழுதவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் செப்டம்பர் 1 என்ன நாள் என்று கேட்டுப் பாருங்கள். கிரவுண்டில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1960, ரோம் ஒலிம்பிக். இந்தியா இருந்த குரூப்பில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றோம். பிரான்சோடு 1-1 டிரா. ஆமாம், பிரான்சோடுதான். செப்டம்பர் 1-ஆம் தேதி பெருவுடன் கடைசி ஆட்டம், 3-1 தோல்வி. நம் பக்கம் விழுந்த அந்த ஒரு கோலை, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அடித்தவர் சைமன் சுந்தர்ராஜ். தஞ்சாவூர்க்காரர். அதற்கப்புறம் ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை. ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை ஒரு தமிழர் அடித்ததுதான். 1973-இல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை கேரளா முதன்முதலாக வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சியாளரும் இவரே.

தோற்ற மேட்சுக்கு எதற்குப்பா விழா என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, ஜெயித்த மேட்ச்தான் வேண்டுமென்றால் அதே வாரத்தில் செப்டம்பர் 4 இருக்கிறது. 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி, இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். தலையில் தையல் போட்ட காயத்தோடு ஆடி கோல் அடித்தார் ஜர்னைல் சிங். கோல் கம்பத்துக்குக் கீழே நின்றவர் பீட்டர் தங்கராஜ், ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் அணியில் ஆடி வளர்ந்தவர். ஆனாலும் என் ஓட்டு செப்டம்பர் 1-க்குத்தான். தங்கம் வாங்கியவர்களை எப்படியும் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கடைசி கோலுக்கு அடுத்த கோலை யாராவது அடித்தாக வேண்டும். அடிக்கப்போகிற பிள்ளைக்கு முந்தின கோல் யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

ரொம்ப தூரம் போக வேண்டாம், நம் ஏரியா கணக்கிலேயே தேதிகள் இருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், டூரண்ட் கோப்பை. அதே ஊர் எதிரி அணியான மோகன் பகானோடு மோதும் ‘டெர்பி’ ஆட்டங்கள் பலவற்றில் தொடர்ந்து ஜெயிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது ஈஸ்ட் பெங்கால். அறுபதாவது நிமிடம் வலது ஓரத்தில் பந்து வந்தது நம் வியாசர்பாடி நந்தகுமார் சேகருக்கு. தடுக்க வந்தவரை உள்பக்கம் வெட்டித் தாண்டி, இடது காலால் வளைத்து தூரத்துக் கம்பத்தை ஒட்டி உள்ளே போட்டார். 1-0. நாலரை வருஷத்துக்கப்புறம் ஈஸ்ட் பெங்காலுக்கு டெர்பி வெற்றி. கொல்கத்தாவில் பாதி ஊரைத் தூங்கவிடாமல் செய்த கோல் அது! நம் தெருவில் அந்தத் தேதிக்கு ஒரு பேனர்கூட கிடையாது. 2018 மார்ச் 17-இல் சென்னையின் எஃப்சி பெங்களூருவிலேயே போய் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கியபோது நடுக்களத்தில் நின்ற தன்பால் கணேஷும் வியாசர்பாடிதான்.

முல்லை நகர் கிரவுண்டில் சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். ஒரு ஜோடி பூட்ஸை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். தம்பிக்குப் பெரிசு, முன்னால் துணி அடைத்திருக்கும். ஜெர்சி முதுகில் மெஸ்ஸி. அந்தப் பையனுக்கு மெஸ்ஸி டிவியில் இருக்கிறவர். நந்தா அண்ணன் பக்கத்துத் தெரு.

அதனால் நேரடியாகவே கேட்கிறேன். வருகிற செப்டம்பர் 1-ஆம் தேதி பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐவர் கால்பந்து நடத்துவோம். பெண் பிள்ளைகள் டீமும் கட்டாயம் இருக்கட்டும். கோப்பைக்கு சைமன் சுந்தர்ராஜ் பெயர், பேனரில் அவர் படம், கீழே ரோம் 1960. வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், காசிமேடு டீம் அண்ணன்கள் கொஞ்சம் போன் பண்ணுங்கள். பந்தும் பேனர் செலவும் என் பொறுப்பு.