இரைச்சலுக்குப் பயந்து அனலாக் டிலேயை விற்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் திருவிழாவிலும் கல்யாண விருந்திலும் கிட்டார் வாசிக்கும் தம்பிமார் பலர், வாசித்த ஒலியைத் தாமதித்து எக்கோவாகத் திருப்பித் தரும் பழைய அனலாக் டிலே பெடல்களை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கேட்டால் ஒரே பதில்: "இரைச்சல் தாங்க முடியலண்ணே." கடைக்குக் கொண்டுபோனால் "சிப்பு போயிடுச்சு, டிஜிட்டல் வாங்கிக்கோ" என்று அனுப்பிவிடுகிறார்களாம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. மேடையில் கேட்கும் அந்த இரைச்சலில் பெரும்பகுதி பெடலுடையதே இல்லை. பெடலுடைய பங்கு என்று மிஞ்சுவது பழுதும் இல்லை.

பெடலுக்குள் ஒலியைத் தாமதப்படுத்தும் இந்தச் சிப்புக்கு வழி காட்டியது 1969-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சாங்ஸ்டர், டேர் என்ற இருவர். தீப்பிடித்த இடத்துக்கு ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதே முறைதான்; 'பக்கெட் பிரிகேட்' என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பழைய பெடல்களில் வரும் எம்என்3005 என்ற சிப்பில் அப்படி 4,096 படிகள். கிட்டாரின் ஒலி படிப்படியாகக் கைமாறிக் கடைசியில் தாமதமாக வெளியே வருகிறது. கைமாறும்போதெல்லாம் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் தூசு சேரும். அந்த 'ஸ்ஸ்ஸ்' அதுதான். ரிப்பீட் குமிழைக் கூட்டினால் அதே ஒலி மறுபடி வரிசைக்குள் போவதால் தூசும் கூடும்.

அப்புறம் அந்த 'கீ...' என்ற விசில். அது கிளாக், அதாவது ஒலியைப் படிக்குப் படி கைமாற்றச் சொல்லும் மின்துடிப்பு. எத்தனை படிகளோ, அதைக் கிளாக் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். 1981-இல் வந்த பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎம்-2 டிலே பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லி விநாடியில் வைத்தால் கிளாக் விநாடிக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கும். மனிதக் காதுக்கு எட்டாது. 300-க்குத் திருப்பினால் ஏறக்குறைய 6,800 முறை. அது நன்றாகவே கேட்கும். அதனால்தான் உள்ளே ஃபில்டர் வைத்து மேல் சுருதிகளை வெட்டுகிறார்கள். எக்கோ மங்கலாக வருவதற்குக் காரணமும் அதுவே. அந்த மங்கல்தான் எனக்குப் பிடித்தது. பாடுகிறவர் குரல் முன்னால் நிற்கும், எக்கோ அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பளிச்சென்ற டிஜிட்டல் எக்கோ பாடுகிறவரோடு மல்லுக்கு நிற்பதை எத்தனையோ மேடைகளில் கேட்டாயிற்று.

சரி, மீதி இரைச்சல் எங்கிருந்து வருகிறது? மின்சாரத்திலிருந்து. தோட்டத்துக் கோயில் மேடைகளை நினைத்துப் பாருங்கள். ஜெனரேட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் வரும். சீரியல் விளக்கு, மின்விசிறி, கீபோர்டு, சவுண்ட் சிஸ்டம் எல்லாம் அதில்தான். போதாததற்கு ஒரே அடாப்டரில் வால் வாலாகப் பிரித்து எல்லாப் பெடலுக்கும் கரண்ட். டிஜிட்டல் பெடலுக்குள்ளும் ஒரு கிளாக் ஓடுகிறது. அதன் அழுக்கு எல்லாப் பெடலுக்கும் பொதுவான கிரவுண்ட் வயர் வழியாக வந்து அனலாக் டிலேக்குள் புகுந்துவிடும். பழி மட்டும் பழைய பெடலின் தலையில்.

போன திருவிழாவில் ஒரு தம்பி தன் டிலேயைக் காட்டி "பாருங்கண்ணே, கத்துது" என்றான். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு 9 வோல்ட் பேட்டரியை மாட்டச் சொன்னேன். விசில் நின்றுவிட்டது; அது அடாப்டர் வழியாக வந்தது. கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைக்கச் சொன்னேன், 'ம்ம்ம்' என்ற உறுமலும் போனது. அது கிட்டாரில் கம்பி அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப் பக்கத்து விளக்கிலிருந்து இழுத்தது. கடைசியில் ஆம்பில் காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் மிச்சம். மேளம் ஒரு தட்டு தட்டினால் அதுவும் காணாமல் போய்விடும்.

இன்னொன்று, டிலேயை டிஸ்டார்ஷனுக்கு (ஒலியைக் கரகரக்க வைக்கும் பெடல்) முன்னால் வைக்காதீர்கள். டிலேயின் சின்னச் சின்னச் சத்தத்தையெல்லாம் டிஸ்டார்ஷன் ஊதிப் பெரிதாக்கிவிடும்.

யாரையும் உள்ளே இருக்கும் சிறு திருகுகளைக் கண்டபடி திருப்ப விடாதீர்கள். அவை சிப்பு சரியாக வேலை செய்யத் தேவையான மின்னழுத்தத்தையும் (பயாஸ்) கிளாக் கசிவையும் சரிசெய்து வைத்தவை. மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாதவர் கை வைத்தால் நல்ல பெடலும் கெட்டுப்போகும். சிப்பு உண்மையிலேயே போயிருந்தால்கூட எம்என்3005 இருந்த இடத்தில் எம்என்3205 என்ற இன்னொரு டிலே சிப்பை அப்படியே சொருக முடியாது. முன்னது 15 வோல்ட், பின்னது 5 வோல்ட், மின்முனையும் எதிரெதிர். இது தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

விற்க முடிவு செய்துவிட்ட தம்பிமார் முதலில் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டு ஒரு பாட்டு முழுக்க வாசித்துப் பாருங்கள். அப்படியும் கத்தினால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி வழி உள்ள பவர் சப்ளை என்னிடம் இருக்கிறது, ஒத்திகைக்கு எடுத்து வருகிறேன்.