“ரெண்டாம் வருஷம் மாறிக்கலாம்” என்று சொல்பவர்களிடம் கேளுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று எங்கே பார்த்தாலும் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் கன்சல்டன்சி போர்டுதான். தொழில், நடத்தட்டும். ஆனால் அங்கே அடிக்கடி சொல்லப்படும் ஒரு வார்த்தை எனக்கு உறுத்துகிறது: “இப்போதைக்கு அமெரிக்காவில் ஏதாவது ஒரு காலேஜில் சேர்ந்துடட்டும் சார், ரெண்டாவது வருஷம் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் வாங்கிக்கலாம்.” இதை நம்பி நிலப் பத்திரத்தோடு வங்கிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

அமெரிக்காவில் ட்ரான்ஸ்ஃபர் என்பது நிஜமான வழிதான். ஒபாமாவே ஆக்சிடென்டல் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். (ஏஜெண்டுகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அவர் அந்த ஊர்க்காரர், விசாவும் வங்கி இருப்புச் சான்றும் காட்ட வேண்டியிருக்கவில்லை என்பதை விட்டுவிடுவார்கள்.)

ஆனால் எத்தனை இடம்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990-க்குப் பிறகு ட்ரான்ஸ்ஃபரையே நிறுத்தி வைத்திருந்தது. 2018-இல் மறுபடி திறந்தபோது 1,429 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் கொடுத்தது 13 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதிலும் அவர்கள் முக்கியமாகத் தேடியது படைவீரர்களையும், கம்யூனிட்டி காலேஜில் (குறைந்த கட்டணத்தில் இரண்டு வருஷம் மட்டும் படிக்கும் உள்ளூர்க் கல்லூரி) படிக்கும் ஏழை மாணவர்களையும். ஹார்வர்டிலும் ஸ்டான்ஃபோர்டிலும் நிலைமை ஏறக்குறைய இதேதான். முதலாண்டுச் சேர்க்கையைவிட இது சுலபமான கதவு என்று எவராவது சொன்னால், தெரியாமல் சொல்கிறார், இல்லையென்றால் கமிஷனுக்காகச் சொல்கிறார்.

ஏன் இவ்வளவு குறைவு என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது எளிது. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதை மட்டும் வைத்து வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை விவசாயி நாற்று விடமாட்டார். மேலே எல்லாரும் பாய்ச்சியது போக என்ன வரும் என்றுதான் பார்ப்பார். ட்ரான்ஸ்ஃபர் இடமும் பெரும்பாலும் அப்படி மிஞ்சுகிற இடம்தான். ஹார்வர்டில் முதலாண்டு சேர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் இரண்டாமாண்டும் அங்கேயே இருக்கிறார்கள். யாரும் கிளம்பாத இடத்தில் உங்கள் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எங்கே போய் உட்காருவான்?

சரி, எல்லா இடமும் இப்படியா? இல்லை. கார்னெல் ஆண்டுதோறும் சில நூறு பேரை எடுக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகமான யுசிஎல்ஏ, விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இடம் கொடுக்கிறது. இந்தக் கணக்கைத்தான் ஏஜெண்டுகள் நோட்டீஸில் போடுகிறார்கள். அப்படி எடுக்கப்படுபவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருபவர்கள் என்பதைப் போடுவதில்லை. ஒஹையோவிலோ டெக்சஸிலோ ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டு அந்த விகிதத்தைக் காட்டுவது மோசடி, வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் அந்த விகிதமும் பல மடங்கு இறங்கிவிடும்.

அப்புறம் காசு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வெளி மாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல். வெளிநாட்டு மாணவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை அங்கே கிடையாது. முதல் கல்லூரியில் கிடைத்த ஸ்காலர்ஷிப்பும் கூடவே வராது. படித்த பாடங்களில் சிலவற்றைப் புதிய இடம் கணக்கில் எடுக்காமல் போனால் இன்னொரு செமஸ்டர் கட்டணம் தலையில் விழும்.

பிள்ளையை அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைசிவரை அங்கேயே படித்துப் பட்டம் வாங்கினாலும் பரவாயில்லை என்கிற கல்லூரியாக இருந்தால் அனுப்புங்கள். ஏஜெண்டிடம் ‘காமன் டேட்டா செட்’ என்று கேட்டுப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் வருஷாவருஷம் இதை வெளியிடுகின்றன. அதன் டி பிரிவில் ட்ரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பித்தவர் எத்தனை, இடம் கிடைத்தவர் எத்தனை, சேர்ந்தவர் எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். அந்தப் பெயரையே கேள்விப்படாத ஏஜெண்ட் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கம். நம்மூரிலும் ஒரு ட்ரான்ஸ்ஃபர் வழி இருக்கிறது. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. நேரடி இரண்டாமாண்டில் சேரலாம். இதற்கென்று பத்து சதவீத இடம், அதோடு முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் உண்டு. கலந்தாய்வு வழியாக அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே, குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் அப்படித்தான் செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது, “டிப்ளமோவா தம்பி, ஏன், மார்க் வரலையா?” அதே பந்தியில், பெயரே வாயில் நுழையாத ஒரு அமெரிக்கக் கல்லூரிக்குப் போகப்போகும் இன்னொரு பையனைக் காட்டி, “இவன் அடுத்த வருஷம் ஹார்வர்டு” என்றார் அவன் பெரியப்பா.