உதவ வருபவர்கள் “பிரிந்து போ” என்றுதான் சொல்வார்களா?

“குடும்ப வன்முறையில் உதவ வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே பெண்களை வீட்டைவிட்டுக் கிளப்பத்தான்” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

நல்ல பயிற்சி சொல்லித்தருவது இதற்கு நேர் எதிரானது. இருப்பதா, போவதா, புகார் கொடுப்பதா என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. ஏற்கெனவே ஒருவர் அவரை அடக்கி வைத்திருக்கிறார். உதவ வருபவரும் உத்தரவு போட்டால் அப்புறம் என்ன வித்தியாசம்? உலக சுகாதார நிறுவனம் 2014-இல் சுகாதாரப் பணியாளர்களுக்காக வெளியிட்ட கையேடும் காதுகொடுத்துக் கேட்பதைத்தான் முதலில் வைக்கிறது.

அவசரப்படுத்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரியும் நேரமும் அதற்கு அடுத்த சில மாதங்களும்தான் பலருக்கு மிக ஆபத்தானவை. அதனால்தான் முதலில் பாதுகாப்புத் திட்டம் போடுகிறார்கள்: ஆவணங்களின் நகல் எங்கே இருக்கும், கண்காணிக்கப்படாத போன் கிடைக்குமா, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று. கழுத்தை நெரித்தது உண்டா என்று கட்டாயம் கேட்கச் சொல்கிறார்கள். பல நேரம் வெளியே காயமே தெரியாது, ஆனால் பின்னாளில் கொலை வரை போகக்கூடிய அறிகுறி அது. அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் ஜாக்குலின் கேம்பெல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு.

பாலியல் வன்முறை என்றால், “ஏன் கத்தவில்லை?” என்று கேட்கவே கூடாது. பயத்தில் உடல் உறைந்துபோவது இயல்பு.

சரி, ஒருவர் போக முடிவெடுத்தால்? அப்போது தங்குமிடம், சட்ட உதவி, மருத்துவம் எல்லாவற்றுக்கும் கூடவே நிற்பார்கள்.