சோதனையைத் தவறவிட்ட பிள்ளைக்குத் தண்டனைப் பேப்பரா?

ஏ.எல் (உயர்தர) பௌதிகவியல் தவணைச் சோதனைக்கு வராத பிள்ளைகளுக்குப் பிறகு ஒரு பேப்பர் வைக்கிறோமே, அதைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு சேர் "பாவம், டெங்கு வந்த பிள்ளை" என்று லேசான நாலு கணக்கைக் கொடுத்து 70 போட்டு அனுப்புவார். இன்னொருவர் பேப்பரை இறுக்கிவிட்டு, எவ்வளவு எழுதினாலும் 40க்கு மேல் இல்லை என்பார். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாமவரோடு சண்டையே உண்டு.

அண்மையில் பார்த்த ஒரு சோடிப் பேப்பரைச் சொல்கிறேன். முதலாவதில் சுரமானி, அதாவது இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை அளக்கும் கருவி: நிறையைத் தொங்கவிட்டு, கம்பியைத் தாங்கும் பாலங்களை நகர்த்தி, இசைக்கவையோடு பரிவுறும் (சேர்ந்து அதிரும்) நீளத்தை எடுத்து மீடிறன் (ஒரு செக்கனுக்கான அதிர்வுகள்) காண வேண்டும். வழமையான அமைப்புக் கட்டுரை, அதாவது பகுதி பகுதியாகக் கேட்கும் கேள்வி. பிந்தி எழுதியவர்களுக்கும் சுரமானிதான். ஆனால் நிறை ஒரு திரவத்தில் அமிழ்ந்திருக்கிறது, திரவம் மேலே தள்ளும் மேலுதைப்பைக் கழிக்க வேண்டும், கவையோடு சேர்ந்து ஒலி கூடிக் குறையும் அடிப்புகளை வைத்துத் திரவத்தின் அடர்த்தியும் காண வேண்டும். நேரமும் புள்ளியும் மட்டும் மாறவில்லை!

அந்தப் பிள்ளைகள் களவுக்கு நின்றவர்களா? மாரியில் குளம் வான் பாய்ந்தால் முல்லைத்தீவின் உள்ளூர்களில் பஸ் எப்படி ஓடும் என்று நமக்குத் தெரியாதா? 2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் ஏ.எல் பரீட்சையையே நாடு முழுவதும் இடைநிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் ஒரே பேப்பரைத்தான் எழுதினார்கள். வகுப்பில் அந்த வசதி இல்லை.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைப் போல போட்டுச் சரிசெய்யலாமே என்று ஒரு தம்பி கேட்டார். ஏ.எல்லில் பிள்ளையின் புள்ளியிலிருந்து பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். பேப்பர் இறுகினால் சராசரியும் இறங்கும், அதனால் பிள்ளைக்கு நட்டமில்லை. அதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் எழுத வேண்டும் தம்பி. மூன்று பேரின் சராசரியை வைத்து என்ன செய்வது? ஒருவர் மட்டும் எழுதினால் விலகல் பூச்சியம், பூச்சியத்தால் வகுக்கச் சொல்கிறீர்களா?

ஆகவே சமநிலையைப் பேப்பர் போடும்போதே பார்க்க வேண்டும். முதலாவதைப் போடும்போதே இரண்டாவதையும் போட்டுவிடுங்கள். அதே பாட அலகு, அதே பரிசோதனை, எண்களும் கேட்கும் கணியமும் வேறு. மீடிறன் கேட்ட இடத்தில் கம்பியின் அலகு நீளத் திணிவைக் கேட்கலாம். புள்ளித்திட்டமும் அன்றே எழுதப்பட வேண்டும். அலகு எழுதாததற்கு அங்கே வெட்டாத புள்ளியை இங்கே வெட்டக்கூடாது. பழைய பேப்பரை அப்படியே திருப்பிக் கொடுப்பதும் சரிவராது, அது அன்று மத்தியானமே வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியிருக்கும்.

அப்புறம் அந்த 40. சொன்ன காரணம் பொய் என்றால் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரியுங்கள், அது வேறு விஷயம். பௌதிகவியல் புள்ளிக்குள் அதைக் கலக்காதீர்கள். அலை பிழைக்கிறதா, மின் பிழைக்கிறதா என்று பிள்ளை பார்ப்பது அந்தப் புள்ளியில்தான். 65க்கு எழுதியவளுக்கு 40 போட்டால் அவள் எதைத் திருத்துவாள்? யாழ். பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் பொறியியல் பீடம் பக்கத்துக் கிளிநொச்சியில் இருந்து என்ன, நமது பிள்ளைக்குத் தன் மட்டமே தெரியாவிட்டால்?

வேலை கூடும்தான். தனி ஆளாகப் பௌதிகவியல் எடுப்பவர்கள் பக்கத்துப் பாடசாலை சேரோடு பேப்பரை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த தவணைக்கு யாராவது தயாரென்றால் கீழே சொல்லுங்கள். சுரமானிக்கும் மின்னழுத்தத்தை ஒப்பிடும் அழுத்தமானிக்கும் இரண்டிரண்டு கேள்வி நான் தருகிறேன், ஒளியியலை வேறு யாராவது எடுங்கள்.