சிவப்புக் கண்ணு ரோபோவ விடுங்க, மொதல்ல பேங்க் கவுண்டருக்கு வாங்க

டெக்னாலஜி மனுஷன அடிமையாக்கிடும்னு யார் பேச ஆரம்பிச்சாலும் உடனே டெர்மினேட்டர் போட்டோவ போட்டுடுறாங்க. சிவப்புக் கண்ணு, இரும்பு மண்டை ஓடு, அவ்ளோதான். யூடியூப் தம்ப்நெயில் பூரா அதேதான். எனக்கு அதப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. 1984ல வந்த படத்த வச்சுக்கிட்டு 40 வருஷமா இன்னும் வராத ஒண்ணுக்கு பயந்துட்டே இருக்கோம், ஏற்கனவே வந்து நடுவீட்ல உக்காந்திருக்கிறதப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கிறதில்ல.

எங்கம்மாவோட ஃபேமிலி பென்ஷன் வர்ற அக்கவுண்ட முடக்கிட்டாங்க. காரணம் இனிஷியல்! பாஸ்புக்ல தாத்தாவோட இனிஷியல் பேருக்கு முன்னாடி இருக்கு, ஆதார்ல அப்பாவோட இனிஷியல் பேருக்குப் பின்னாடி இருக்கு, பான் கார்டுல லாஸ்ட் நேம் வேணும்னு அதையே முழுப்பேரா விரிச்சு அடிச்சிருக்காங்க. கல்யாணமான தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல எத்தன பேருக்கு இந்தக் கதை இருக்கும்னு நான் சொல்லவே வேணாம். கவுண்டர்ல இருக்கிறவருக்கு எங்கம்மாவ பல வருஷமாத் தெரியும், பேர் சொல்லிக் கூப்பிட்டு உக்கார வைப்பாரு. அவரே சொல்றாரு, "அம்மா, நீங்கதான்னு எனக்குத் தெரியும், ஆனா சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதே." மேனேஜர்கிட்ட போனா எங்க கையில எதுவும் இல்ல, மேலதான் பாக்கணும்ங்கிறாரு. கஸ்டமர் கேருக்கு அடிச்சா ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னு அரை மணி நேரம் சுத்தவிட்டு, கடைசில உங்க கிளையை அணுகவும்னு அங்கேயே திருப்பி அனுப்புது. மருந்துக் கடைக்குக் குடுக்க வேண்டிய அவங்க சொந்தக் காசு, கண்ணு முன்னாடி கம்ப்யூட்டர்ல தெரியுது, எடுக்க முடியல. யார்கிட்ட போய் சண்ட போடுறது? சண்ட போட ஒரு ஆளே இல்லங்க, அதான் வயிறு எரியுது.

இதத்தான் 1985லயே டெர்ரி கில்லியம் 'பிரேசில்'னு ஒரு படத்துல காட்டிட்டாரு. வில்லன் ரோபோ எதுவும் கிடையாது அதுல. ஒரு பூச்சி மெஷினுக்குள்ள விழுந்து, அரசாங்கத்தோட கைது உத்தரவுல டட்டில்னு அடிக்க வேண்டிய பேரு பட்டில்னு விழுந்துடும், அவ்ளோதான், சம்பந்தமே இல்லாத ஒரு மனுஷன பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி மூட்டையாக் கட்டித் தூக்கிட்டுப் போவாங்க, அந்தம்மாகிட்ட ரசீதுல கையெழுத்து வேற வாங்குவாங்க. அந்த ஆளு விசாரணையிலயே செத்துப் போவான். ஒரு எழுத்து மாறினதுக்கு! இந்தப் படத்த ஏங்க யாருமே பேச மாட்டேங்குறீங்க?

நாம கொண்டாடுற படத்தையே ஒழுங்காப் பாத்தோமான்னு கேக்குறேன். எந்திரன்ல சிட்டிங்கிற ரோபோ தானா கெட்டுப் போகல, போராங்கிற வில்லன் விஞ்ஞானி சிவப்பு சிப்ப சொருகினதாலதான் கெட்டுச்சு. ஆனா படம் முடிஞ்சு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது சிட்டிதான், போராவ யாரு பேசுறா? 1987ல வந்த ரோபோகாப்ல இன்னும் பச்சையாவே இருக்கும். அந்த ரோபோ போலீஸ செஞ்ச கம்பெனியோட பெரிய அதிகாரிங்க மேல கை வைக்கக் கூடாதுன்னு அதுக்குள்ள ரகசியமா நாலாவதா ஒரு உத்தரவ போட்டு வச்சிருப்பாங்க. மெஷின் பின்னாடி ஒரு ஆளு ஒளிஞ்சிருக்கான்னு படம் எடுத்தவங்க தெளிவாத்தான் சொன்னாங்க, நாமதான் மெஷினப் பாத்து மிரண்டு போய் அந்த ஆள விட்டுட்டோம்.

படம்தானேன்னு சொல்றவங்க பிரிட்டன்ல நடந்ததப் பாருங்க. அங்க போஸ்ட் ஆபிஸ்ல ஹொரைசன்னு கணக்குப் பாக்குற ஒரு சாஃப்ட்வேர், ஃபுஜிட்சு கம்பெனி போட்டுக் குடுத்தது, 1999ல இருந்து ஓடுச்சு. அது கணக்குல பணம் குறையுதுன்னு காட்டும், நிஜத்துல குறைஞ்சிருக்காது. கிளைய நடத்துனவங்க கைக்காசு போட்டுக் கட்டினாங்க, வீட்ட வித்தாங்க, ஜெயிலுக்கே போனாங்க. 900க்கும் மேல பேருக்கு திருட்டுப் பட்டம், சில பேர் உயிரையே விட்டுட்டாங்க. கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுதுன்னு போன் பண்ணிக் கதறினவங்க பல பேர்கிட்ட, வேற யாருக்கும் இந்தப் பிரச்சன இல்ல, உங்களுக்கு மட்டும்தான்னு சொல்லியிருக்காங்க. எவ்ளோ பெரிய பாவம் இது! அந்த ஊரு கோர்ட்லயும் தப்புன்னு காட்டுற வரைக்கும் கம்ப்யூட்டர் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கும்னு எடுத்துக்கிட்டாங்க, அதத் தப்புன்னு காட்டத் தேவையான விவரம் எல்லாம் கேஸ் போட்டவங்க கையிலதான் இருந்துச்சு. சாஃப்ட்வேர்ல கோளாறுன்னு 2019ல ஹைகோர்ட் சொல்லுச்சு, மொத்தமா தண்டனைய ரத்து பண்ண சட்டம் வர 2024 ஆயிடுச்சு. அதுக்குள்ள எத்தன பேரு வயசாகிச் செத்தே போயிட்டாங்க.

இதுல எந்த மெஷினுக்கும் சுயபுத்தி வரலைங்க, உலகத்த ஆளணும்னு எதுவும் கிளம்பல. ஒரு மொக்க சாஃப்ட்வேரு, அது சொன்னத மறுத்துப் பேச ஒருத்தருக்கும் அதிகாரம் இல்ல, அவ்ளோதான் நடந்துச்சு.

அதனால ஏஐ வந்து நம்மள அழிச்சிடுமான்னு மேடை போட்டுப் பேசுற பெரிய மனுஷங்க எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அந்தக் கவுண்டர்ல இருக்கிறவருக்கு ஒரு பட்டன் குடுங்க. "இவங்கள எனக்குத் தெரியும், இவங்க அவங்கதான், நான் பொறுப்பு"ன்னு கையெழுத்துப் போட்டு சிஸ்டத்தத் தாண்டிப் போற பட்டன். அவர் மறுத்தா ஏன் மறுத்தாருன்னு பேரோட எழுதிக் குடுக்கட்டும், நாங்க போய் அவர்கிட்ட கேட்டுக்கறோம். அத மொதல்ல பண்ணுங்க, அப்புறமா வந்து டெர்மினேட்டர் கதை பேசுங்க.